இரண்டு முறியும் ஓர் அடுக்களையும்

முப்பத்தேழு வயதுவரை திரிபுரசுந்தரிக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை. மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டுக்குப் பின்னால் அவளுடைய அண்ணா கல்யாணராமன் குடியிருந்த வாடகை வீட்டில், கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு நடைவழி உண்டு. அங்கேதான் அவள் படுத்துக்கொள்வாள். பாய் விரித்தால் சுவருக்குச் சுவர் சரியாக இருக்கும். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் அவள் காலைத் தாண்டித்தான் போகவேண்டும். பத்தொன்பது வயதில் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் அவள் இடம். அப்பா போய், அம்மாவும் போய், அண்ணாவின் பிள்ளை பெரியவனாகி, பெண்ணும் பிறந்து வளர்ந்த பிறகும் அது மாறவில்லை. அவளுக்குக் கல்யாணப் பேச்சு கொஞ்ச காலம் நடந்தது. பிறகு அது எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை.

எறணாகுளத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். ஸ்ப்ளிட் டியூட்டி. விடியும்முன் எழுந்து குழாயில் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு முதல் போட்டில் அக்கரைக்குப் போவாள். பதினொரு மணிக்குத் திரும்பி வருவாள். மறுபடி மூன்றரைக்குப் போட். நடுவில் கிடைக்கிற நாலு மணி நேரத்தில்தான் சாப்பிட்டுத் தூங்கவேண்டும். அந்த நேரத்தில்தான் வீடு முழு மும்முரத்தில் இருக்கும். மன்னி லோகாம்பாள் அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். பக்கத்தில் மிளகு கோடவுன், அங்கே சாக்கு இறக்குகிற சத்தம். காதில் ஹெட்போன் இல்லாவிட்டாலும் அது மாட்டியிருப்பது போலவே சுந்தரிக்கு இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அண்ணா பிள்ளை அப்புவுக்குத் திருப்பூணித்துறைப் பெண் கமலாக்ஷியை நிச்சயம் செய்தார்கள். வீட்டிலிருந்த ஒரே முறியைக் கல்யாணத்துக்குப் பிறகு அப்புவுக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. அறையை அந்த வீட்டில் எல்லாரும் முறி என்றுதான் சொல்வார்கள். அண்ணாவும் மன்னியும் பத்து வயது சீதாலக்ஷ்மியும் கூடத்தில். சுந்தரியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் இடந்தான் இருக்கிறதே.

ஒரு நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். "அண்ணா, நான் தனியா ஒரு வீடு வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கேன். பக்கத்துலயேதான்."

மன்னி ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "யாராவது ஏதாவது சொன்னாளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை மன்னி. புதுப் பெண் வரா. கல்யாணமாகி வர பொண்ணு தினம் என் காலைத் தாண்டிண்டு போகணுமா?"

கல்யாணராமன் பஜார் ரோட்டில் ஒரு சுக்கு வியாபாரிக்கு ஆங்கிலக் கடிதங்கள் எழுதித் தருகிறவர். எதையும் ஒரு முறை மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "ஒருத்திக்கு ஒரு முறி மதி, ஒண்ணே போரும். பார்ப்போம்," என்றார்.

"ரெண்டு முறி வேணும் அண்ணா. ஒரு அடுக்களையும்."

"ரெண்டு எதுக்கு?"

"வேணும்," என்று மட்டும் சொன்னாள்.

போட் ஜெட்டிக்கு எதிரே வெற்றிலைக் கடை வைத்திருந்த ராசப்பன் வீடு பிடித்துக்கொடுக்கும் வேலையும் பார்த்துவந்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். தினம் இரண்டு தடவை போட்டுக்குப் போகிற சுந்தரியை அவனுக்குத் தெரியும்.

"எத்தனை பேருக்குக்கா?"

"நான் ஒருத்தி."

"அப்போ லேசு. ஒரு முறி, ஒரு அடுக்களை."

"ரெண்டு முறி. அதுல ஒண்ணு உள்ளே இருக்கணும். வெளிச்சம் வரக்கூடாது, தெருச் சத்தம் வரக்கூடாது. அது வழியா வேற எங்கயும் போறமாதிரி இருக்கக்கூடாது. இன்னொரு முறி, யாராவது வந்தா உக்காரறதுக்கு."

ராசப்பன் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினான். "எல்லாரும் காத்து வேணும், வெளிச்சம் வேணும்பாங்க. இருட்டு முறி கேட்டு இன்னைக்குத்தான்க்கா ஒரு ஆள் வந்திருக்கு. ஜன்னல் இல்லாத வீடெல்லாம் கையில கிடக்கு. காட்டுறேன்."

சுந்தரிக்கு வியாழக்கிழமை விடுமுறை. அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் வீடு பார்த்தார்கள். அண்ணாவும் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார்.

முதல் வீடு பஜார் ரோட்டில் ஒரு கோடவுனுக்கு மேலே. பெரிய மாடி. மரத் தளம், நாலு ஜன்னல், காயல் தெரிந்தது, கப்பல் தெரிந்தது. அண்ணா ஜன்னலை விட்டு நகரவில்லை. "என்ன காத்து பாரு சுந்தரி. இந்த வாடகைக்கு இத்தனை இடம் கிடைக்குமோ?" ஆனால் மாடியின் மறுபாதியில் வேறொரு குடும்பம் இருந்தது. அவர்கள் படிக்கட்டுக்குப் போக இந்தப் பக்கமாகத்தான் வரவேண்டும். ஒரு திரை மட்டும் தொங்கியது. சுந்தரி வேண்டாம் என்றாள். நடைவழி எத்தனை அகலமாக இருந்தாலும் நடைவழிதான் என்று அவளுக்குப் பட்டது.

இரண்டாவது கூவப்பாடத்தில். ரிடையரான வாத்தியார் ஒருவரின் வீட்டோடு ஒட்டிய ஒற்றை முறி. துப்புரவான இடம், கிணற்றில் நல்ல தண்ணீர். மட்டாஞ்சேரியில் அது சாதாரண விஷயமில்லை. "ஒராளுக்கு இதைவிட நல்ல இடம் வேறே இல்லா," என்றார் வாத்தியார். சுந்தரி ராசப்பனை வாசலுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னாள்.

"அங்கேருந்து என்ன தெரியறது?"

"நீங்க தெரியுறீங்க."

"நான் நிக்கற இடத்துலதான் கட்டில் போட முடியும்."

ராசப்பன் பார்த்தான். "அப்போ கட்டில் தெரியும்க்கா."

திரும்பும் வழியில் அண்ணா எரிச்சலோடு கேட்டார். "கட்டில் தெரிஞ்சா என்ன?"

"பால்காரன் வருவான், தபால்காரன் வருவான். நீங்களே வருவேள். நான் படுத்துண்டிருக்கற இடத்தை எல்லாரும் பார்த்துண்டேதான் இத்தனை நாள் இருந்தாச்சு. அதுக்குத்தான் ரெண்டு முறி கேக்கறேன்."

அடுத்த வீட்டில் அளவு சரியாக இருந்தது. ஆனால் வீட்டுக்காரர், ஆண்துணை இல்லாத குடித்தனத்துக்குக் கொடுப்பதில்லை என்று அண்ணாவிடமே சொல்லிவிட்டார். பக்கத்தில் நிற்கிற அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அன்று அண்ணாவுக்குத்தான் அவளைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

செர்லாயில் ரத்னாபாயின் வீட்டைப் பார்த்தது ஆறாவது வியாழக்கிழமை. ரத்னாபாய் கொங்கணிக்காரி. கணவன் போன பிறகு ஐந்தாறு பெண்களை வைத்து அப்பளம் இட்டு விற்றுவந்தாள். வளவின் பின்பக்கம் ஓட்டு வீடு ஒன்று. முன்னால் ஒரு சின்ன முறி, அதற்குள்ளே இன்னொன்று, பக்கவாட்டில் அடுக்களை. உள்முறியில் முன்பு உளுந்து மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதனால் ஜன்னலே வைக்கவில்லை. ஓட்டுக்கடியில் பலகை அடித்திருந்தது. பெருங்காய வாசனை இன்னும் போகவில்லை. கனமான பலா மரக் கதவு ஒன்று, உள்பக்கம் தாழ்ப்பாள். சுந்தரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே ராசப்பன் பேசுவது கேட்கவில்லை. கையை நீட்டிப் பார்த்தாள், விரல் தெரியவில்லை.

அவள் வெளியே வந்தபோது ரத்னாபாய் மலையாளத்தில் கேட்டாள். "வாடகை யார் தருவது? அண்ணனா, நீயா?"

"நான்தான்."

"அப்படியானால் எழுத்தில் உன் பேர் போதும். அண்ணன் சாட்சி போடட்டும்."

கல்யாணராமன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

குடிபோன மறுநாள் காலை டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கதவைத் தாழிட்டுப் படுத்தாள். கண் விழித்தபோது எத்தனை மணி என்று தெரியவில்லை. வெளியே வந்தால் ரத்னாபாய் துளசி மாடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். சாயங்கால டியூட்டி போய்விட்டது. வேலையில் சேர்ந்த பிறகு இப்படி நடந்ததே இல்லை. மறுநாள் சூப்ரவைசரிடம் உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னாள். பிறகு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினாள். அந்தத் தூக்கத்துக்காக அவள் வருத்தப்படவில்லை.

ஐந்து வருஷம் அப்படியே போயிற்று. விசேஷ நாளுக்கு அண்ணா வீட்டுக்குப் போவாள். சீதாலக்ஷ்மி பள்ளிக்கூடம் விட்டு வந்து முன்முறியில் உட்கார்ந்து வாரிகை என்கிற மலையாள வாரப் பத்திரிகைகளைப் படிப்பாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் அவளுக்கு, மலையாளம் தண்ணீர்பட்ட பாடு.

எண்பத்தொன்றில் காலவர்ஷ மழை பலத்துப் பிடித்தது. ஜூன் கடைசியில் ஒரு நாள் அண்ணா வீட்டுக் கூடத்தின் உத்திரம் முறிந்து ஓடு சரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. கமலாக்ஷி கைக்குழந்தையோடு அடுக்களையில் இருந்தாள், மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். செய்தி தெரிந்ததும் சுந்தரியே போய் எல்லாரையும் அழைத்துவந்தாள். அதில் அவளுக்கு இரண்டாம் யோசனை இல்லை.

"பத்து நாள். அதுக்குள்ள வேற பார்த்துடறேன்," என்றார் அண்ணா.

அப்புவும் கமலாக்ஷியும் குழந்தையும் உள்முறியில். அண்ணாவும் மன்னியும் சீதாவும் முன்முறியில். சுந்தரி அடுக்களையில், அம்மிக்குப் பக்கத்தில். மழையில் துணி காயவில்லை, முன்முறிக்குக் குறுக்கே கயிறு கட்டி உலர்த்தினார்கள். இருட்டைக் கண்டு குழந்தை அழுதது என்று உள்முறிக் கதவை எப்போதும் திறந்தே வைத்தார்கள். பத்து நாள் இருபதாயிற்று. ஒரு மாதமாயிற்று. பழைய வீட்டுச் சொந்தக்காரர் ஓட்டை மாற்றவில்லை, இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார்.

மன்னி குறை சொல்லும்படி எதுவும் செய்யவில்லை. சுந்தரி பதினொரு மணிக்கு வந்தால் சுடச்சுடச் சாதம் தயாராக இருக்கும். "நீ படுத்துக்கோ, நான் சத்தம் போடாம வேலை பண்றேன்," என்பாள். சத்தம் போடாமல் வைத்த ஒவ்வொரு பாத்திரமும் சுந்தரிக்குத் தனித்தனியாகக் கேட்டது.

ஆகஸ்ட் முதல் வாரம், சாயங்கால டியூட்டியில், போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவள் கண்ணயர்ந்தாள். நாலைந்து நிமிஷம் இருக்கும். போர்டில் அழைப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, எந்த அழைப்பையும் அவள் எடுக்கவில்லை. சூப்ரவைசர் தோளைத் தொட்டாள். மறுநாள் மெமோ வந்தது. இருபத்துமூன்று வருஷத்தில் முதல் மெமோ. அதைப் பையில் வைத்துக்கொண்டு போட்டில் வரும்போது அவள் யார்மேலும் கோபப்படவில்லை. தூங்கவேண்டும் என்று மட்டும் இருந்தது.

அந்த வாரமே அண்ணா உற்சாகமாக ஒரு செய்தி சொன்னார். சுள்ளிக்கல்லில் நாலு முறி வீடு ஒன்று பார்த்து, வாக்கும் கொடுத்துவிட்டாராம். "எல்லாரும் சேர்ந்தே போயிடலாம் சுந்தரி. நோக்கு எதுக்குத் தனி வாடகை? ரெண்டு குடித்தனச் செலவு வெறுதே தண்டம்தானே. வியாழக்கிழமை வந்து பாரு."

போனாள். நல்ல வீடுதான். முன்னால் மாமரம், பெரிய கூடம், சிமெண்டுத் தரை. அண்ணா ஒவ்வொரு முறியாகக் காட்டிக்கொண்டு போனார். "இது அப்புவுக்கு. இது எங்களுக்கு. இதுல நீயும் சீதாவும். அது பூஜைக்கும் சாமானுக்கும்." அவர் சொன்ன முறிக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று கூடத்துக்கு, இன்னொன்று கொல்லைக்கு. கிணற்றுக்குப் போக அதுதான் வழி.

சுந்தரி இரண்டு கதவுகளையும் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "நான் வரலை அண்ணா."

"ஏன்? சின்னதா இருக்கா?"

"பெரிசாத்தான் இருக்கு. நான் வரதா நினைச்சுப் பார்த்த வீடு இது. நான் வரலைன்னா உங்களுக்கு மூணு முறி போரும். நானே பார்த்துத் தரேன்."

"வாக்குக் கொடுத்தாச்சே."

"நான் போய்ச் சொல்லிக்கறேன்."

அவர் முகம் சுருங்கியது. கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். தங்கையிடம் இந்த மாதிரிக் குரலை அவர் கேட்டதில்லை. டெலிபோனில் பேசுகிறவர்களிடம் அவள் அப்படித்தான் பேசுவாள் என்பது அவருக்குத் தெரியாது.

அன்று வீட்டில் மன்னி அடுக்களைக்குள் வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள். "எங்களைப் போகச் சொல்றே."

"உங்களுக்கு வீடு பார்க்கறேன் மன்னி."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ இங்கே ஒண்டியா இருக்கறதை நாலு பேர் கேக்கறா. என்ன சண்டைன்னு கேக்கறா. பதில் சொல்றது நானாக்கும், நீ இல்லை. இப்போ ஒண்ணாப் போறோம்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

சுந்தரி பையைத் திறந்து மெமோவை எடுத்துக் காட்டினாள். மன்னிக்கு இங்கிலீஷ் தெரியாது. சீதாலக்ஷ்மி வாங்கிப் படித்து அர்த்தம் சொன்னாள்.

"நேக்குத் தூங்கணும் மன்னி," என்றாள் சுந்தரி. "சண்டை ஒண்ணுமில்லை. ஒரு நாளைக்கு நானூறு பேர் என் காதுக்குள்ள பேசறா. அதுக்கப்புறம் ஒரு நாலு மணி நேரம் யாரும் பேசாம இருக்கணும். அவ்வளவுதான்."

மன்னி காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறவில்லை. "நாங்க பேசறதும் அந்த நானூறுல சேர்த்தியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த மூன்று வியாழக்கிழமைகளும் அவள் ராசப்பனோடு அலைந்தாள். இந்தத் தடவை அவனுக்கு வேலை சுலபமாக இல்லை. மன்னிக்குப் புகை ஆகாது, அடுக்களைக்கு எதிரெதிராக இரண்டு ஜன்னல் வேண்டும். சீதா பத்தாம் வகுப்பு, மேஜை போட ஓர் இடம் வேண்டும். குழந்தை தவழ்கிறது, படி உயரமாக இருக்கக்கூடாது. அப்புவின் முறி கூடத்துக்கு நேர் எதிரே இருக்கக்கூடாது. குழாய் வாசலிலேயே இருக்கவேண்டும், மன்னிக்கு முழங்கால் வலி.

"உங்களுக்குப் பார்த்தப்போ இத்தனை சொல்லலியேக்கா," என்றான் ராசப்பன்.

"அப்போ ஒருத்திதானே."

கடைசியில் கிடைத்ததும் சுள்ளிக்கல்லில்தான், அண்ணா பார்த்த வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. மூன்று முறி. அண்ணா வந்து பார்த்தார். அடுக்களை ஜன்னல்களைத் திறந்து மூடினார். குற்றம் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. "சரி," என்று மட்டும் சொன்னார். ஓணத்துக்கு முன்னால் குடிபோனார்கள். சாமான் ஏற்றிய கைவண்டியோடு சுந்தரியும் நடந்து போய், பால் காய்ச்சி, எல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டு வந்தாள். மன்னி வேண்டிய அளவுக்குப் பேசினாள். அதற்கு மேல் பேசவில்லை.

செர்லாய்க்குத் திரும்பி வந்து உள்முறியைக் கூட்டிக் கழுவினாள். கதவைத் தாழிட்டுப் படுத்தபோது உடனே தூக்கம் வரவில்லை. மன்னி கேட்ட கேள்வி இருந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள்தான் நன்றாகத் தூங்கினாள்.

அதன்பின் ஒன்றரை வருஷம் மன்னி அந்த வீட்டுப் படி ஏறவில்லை. சுந்தரி போனால் காப்பி உண்டு, உபசாரம் உண்டு. அண்ணா பழையபடி ஆகிவிட்டார். சீதா பரீட்சைக்கு முன்னால் இரண்டு வாரம் வந்து தங்கிப் படித்துவிட்டுப் போனாள். மன்னி மட்டும் வரவில்லை.

எண்பத்துமூன்று மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை. பதினொரு மணி இருக்கும். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு மன்னி நின்றாள். தனியாக வந்திருந்தாள்.

"என்ன மன்னி, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான். கமலாக்ஷிக்கு இது மூணாம் மாசம், வாந்தி. குழந்தை என்னை விட்டு இறங்க மாட்டேங்கறது. சீதாவை இன்னிக்கு லீவு போடச் சொல்லிட்டு வந்தேன்."

சுந்தரி காப்பி போட்டுக் கொடுத்தாள். மன்னி அதை முழுக்கக் குடித்து, தம்ளரைக் கீழே வைத்து, உள்முறிக் கதவைப் பார்த்தாள்.

"உள்ளே கட்டில் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"நான் கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

சுந்தரி புது விரிப்பு எடுத்துப் போட்டாள். மன்னி உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள், பிறகு தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. முன்முறியில் உட்கார்ந்து சுந்தரி ஒரு வாரிகையைப் புரட்டினாள். ஒரு மணியாயிற்று, இரண்டாயிற்று. சாப்பாட்டுக்கு எழுப்பலாமா என்று கதவுவரை போய், தட்டாமலே திரும்பி வந்தாள். தானும் சாப்பிடவில்லை.

நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. மன்னியின் கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"மணி என்ன?"

"அஞ்சாகப் போறது."

"ரெண்டு பிரசவத்துக்குப் படுத்தேன். அதை விட்டா நான் பகல்ல படுத்தது இன்னிக்குத்தான்." நாற்காலியில் உட்கார்ந்து கூந்தலை முடிந்துகொண்டாள். "அன்னிக்கு நீ எங்களை அனுப்பிச்சது நேக்கு வருத்தம்தான், கேட்டியா. இப்பவும் உண்டு."

"தெரியும் மன்னி."

"ஆனா அந்த வீட்டு அடுக்களையில புகையே நிக்கறதில்லை." குடையை எடுத்துக்கொண்டு, "அடுத்த வியாழக்கிழமையும் நோக்கு லீவுதானே?" என்றாள்.

அதன்பின் மாதத்தில் இரண்டு தடவையாவது வந்தாள். வந்து, காப்பி குடித்து, உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. முன்முறியில் சுந்தரி ஒரு கான்வாஸ் நாற்காலி வாங்கிப் போட்டு, அந்த நாட்களில் அதில் சாய்ந்துகொண்டாள். மன்னி வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறாள் என்று அவள் கேட்கவில்லை. ஒரு நாள் மன்னியே சொன்னாள்.

"உங்கண்ணா கேட்டார், அங்கே போய் என்னாக்கும் ஜோலின்னு. ஒரு ஜோலியும் இல்லை, அதுக்குத்தான் போறேன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"சாயங்காலம் மழை வரும் போலிருக்கு, குடையை எடுத்துக்கோன்னார்."